கீழக்கரைக் கடற்கரையில் ஒரு பகல்

சேது நாட்டுக் கரையோர முஸ்லிம்களின் வரலாற்றை எழுதப் புகுவோர்க்கு ஒரு விந்தையான நிலை எதிர்ப்படுகிறது. அவர்தம் பள்ளிவாசல் ஒன்றுக்குப் பாண்டியர் காலச் சான்று தேடினால், அது பெருமாள் கோயிற் கல்லில் கிடைக்கிறது. அவர்தம் துறைமுகத்தின் பெயரைச் சீனர் ஒருவரின் நூலிலும், அவர்தம் வள்ளலின் வாணிகத்தை டச்சுக்காரரின் கடிதங்களிலும் தேட வேண்டியுள்ளது. வீட்டுக்குரியவரின் கைவசம் பத்திரம் இல்லை. அயலார் பெட்டகத்தில் பத்திரமாக இருக்கிறது!

இச்சான்றுகள் பிறந்த ஊர்களை ஒரே பகலில் கண்டு வரும் எண்ணத்துடன் நண்பர்கள் நால்வர் இராமநாதபுரத்திலிருந்து காலையில் புறப்பட்டோம். எங்களுள் ஒருவர் கல்வெட்டுப் பயின்றவர். ஒருவர் அரபிக் கல்லூரி ஆசிரியர். மற்றொருவர் கட்டடப் பொறியாளர்.

கீழக்கரைச் சாலையில் சுமார் பத்துக் கிலோமீட்டர் தொலைவில் உள்ளது திருப்புல்லாணி. நூற்றெட்டு வைணவத் திருப்பதிகளுள் ஒன்று, திருமங்கையாழ்வாரால் பாடப்பெற்றது. இக்கோயிலின் பிற்காலப் பாண்டியர் கல்வெட்டு ஒன்று, பவித்திரமாணிக்கப்பட்டினத்துச் 'சோனகச் சாமந்தப் பள்ளி'க்கு அரசன் இறையிலி நிலம் வழங்கியதைக் கூறுகிறது. சோனகர் என்பது அரபு முஸ்லிம்களைக் குறித்த பழந்தமிழ் வழக்கு. இராமநாதபுரத்து வரலாற்றறிஞர் டாக்டர் எஸ்.எம். கமால் தம் 'முஸ்லீம்களும் தமிழகமும்' நூலின் வாயிலாக இச்செய்தியைத் தமிழ் வாசகரிடையே பரவச் செய்தார்.

பள்ளிவாசலுக்கு அளித்த கொடையைக் கோயிலில் ஏன் வெட்ட வேண்டும்? பலரும் இதனைச் சமய நல்லிணக்கத்தின் அடையாளம் என்று சொல்லி நிறுத்திவிடுகின்றனர். எங்கள் கல்வெட்டு நண்பர் அதனோடு அமையவில்லை. "அன்று கோயிற்சுவர்தானே பதிவு அலுவலகம்? நாட்டார் அனைவரும் கண்டு ஒப்பும் இடத்தில் வெட்டினால்தான் அரசாணைக்கு உறுதி" என்றார். ஏற்கத்தக்க விளக்கமே. விருந்தினருக்குக் காட்டும் பரிவைக் காட்டிலும் இதில் பொருள் மிகுதி. நிலம், வரி, எல்லை ஆகியன பற்றிய நாட்டின் பொதுக் கணக்கில் பள்ளிவாசலும் ஒரு புள்ளியாக இடம்பெற்றிருந்தது என்பதன்றோ இதன் உட்கிடை?

அரசன் இவ்வாறு ஆணையிட்டதற்கு உலகியற் காரணமும் உண்டு. பாண்டியர் படைக்குக் குதிரைகள் கடல் வழியே வந்தன. கைஸ் தீவிலிருந்து ஆண்டுதோறும் 1,400 குதிரைகள் அனுப்பவும், ஒன்றுக்கு 220 செம்பொன் தீனார் விலை கொள்ளவும் உடன்பாடு இருந்ததாகப் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் எழுதுகிறார். அவ்வாணிகத்தின் தலைவர் ஜமாலுத்தீனின் உடன்பிறந்தாரான தகியுத்தீன் பாண்டியனின் அமைச்சராக விளங்கினார். ஃபத்தன், மலிஃபத்தன், காயல் ஆகிய துறைகள் அவர் பொறுப்பில் இருந்தன. கல்வெட்டில் வரும் 'சாமந்தன்' இவரேயோ என்று வினவத் தோன்றும். தோன்றுவது வேறு, துணிவது வேறு.

திருப்புல்லாணிக்குக் கிழக்கே கடலை ஒட்டியிருக்கிறது பெரியபட்டினம். பவித்திரமாணிக்கப்பட்டினம் இதுவே என்பது ஆய்வாளர் பலரின் முடிவு. தமிழ்ப் பல்கலைக்கழகம் 1987இல் இங்கு அகழாய்வு நடத்தியது. கிடைத்த சீனப் பீங்கான் ஓடுகளுள் பெரும்பாலானவை 13, 14ஆம் நூற்றாண்டுகளைச் சார்ந்தவை. 1349ஐ ஒட்டி நூல் எழுதிய சீனர் வாங் தாயுவான் குறிக்கும் 'தா-பா-தான்', இப்னு பதூதா கண்ட 'ஃபத்தன்' ஆகிய இரண்டும் இவ்வூரே என ஜப்பானிய அறிஞர் நொபோரு கராஷிமா வாதிட்டார். இன்று வந்து பார்ப்பவர்க்குத் தென்னந்தோப்பும் மணலும் மீன்பிடிப் படகுகளுமே தென்படும்.

1344ஐ ஒட்டி ஃபத்தனுக்கு வந்த இப்னு பதூதா, அங்கே பெரிய மரக்கால்களின் மேல் எழுப்பிய மண்டபத்தையும், கல்லால் கட்டிய அழகிய பள்ளிவாசலையும் கண்டதாகக் கூறுகிறார். திராட்சையையும் மாதுளையையும் கூட மறவாமல் குறித்து வைத்தார்; பயணிகளின் நினைவில் பழங்களுக்கு எப்போதும் தனி இடம் உண்டு. அந்தக் கற்பள்ளியும் திருப்புல்லாணிக் கல்வெட்டின் பள்ளியும் ஒன்றாக இருக்கலாம் என்று எங்கள் ஆலிம் நண்பர் ஆர்வத்துடன் சொன்னார். அந்த ஆர்வம் எங்கள் அனைவர்க்கும் இருந்தது. ஆயின் நிறுவுதற்குக் கல் இல்லை.

ளுஹர் வேளையில் கீழக்கரையை அடைந்தோம். குறுகிய தெருக்கள், உயர்ந்த பழைய வீடுகள், அப்பால் மன்னார் வளைகுடாவின் அலையடங்கிய நீர். உணவுக்குப் பின் தொதல் வாங்கினோம். மலாய் நாட்டிலும் ஜாவாவிலும் 'தோதோல்' என வழங்கும் அவ்வினிப்பு, இலங்கைக்கும் இக்கரைக்கும் உரிமையுடையது. கடல்வழி உறவுக்கு நாவே தரும் இச்சான்றை எந்த ஆவணக் காப்பகத்திலும் பூட்டி வைத்தல் இயலாது.

இவ்வூர்ப் பழைய குத்பாப் பள்ளி கி.பி. 628-630 காலத்தில் யமன் வணிகரால் கட்டப்பட்டது என்ற செவிவழி மரபு மதிப்பிற்குரியது. எனினும், வெளிவந்துள்ள கல்வெட்டுத் தொகுதிகளில் அதற்குச் சான்றில்லை. தொன்மையை ஏற்றிச் சொல்வதால் பெருமை ஏறுவதில்லை. 17ஆம் நூற்றாண்டினதாகிய நடுத்தெரு ஜும்ஆப் பள்ளியின் பெருமைக்கு எந்த மரபுரையின் துணையும் வேண்டியதில்லை. கல்தூண்கள், அவற்றின் மேல் போதிகைகள், விதானம் யாவும் தமிழகக் கல்தச்சரின் கைவண்ணம். உருவங்கள் மட்டும் இல்லை. அவை நிற்க வேண்டிய இடங்களைப் பூவும் கொடியும் கோலமும் நிரப்புகின்றன. "கோயில் மண்டபத்துக்குரிய கணக்கே இதற்கும்" என்று பொறியாளர் நண்பர் தூண்களினிடையே நடந்து பார்த்துச் சொன்னார். காலையில் ஒரு கோயிலிலே பள்ளிவாசலின் பத்திரத்தைப் பற்றிப் பேசினோம். பிற்பகலில் பள்ளிவாசலிலே கோயிற் சிற்பியின் கையெழுத்தைக் கண்டோம்.

பள்ளியை எழுப்பியவர் எனப் போற்றப்படுபவர் வள்ளல் சீதக்காதி என்னும் ஷெய்கு அப்துல் காதிர் மரைக்காயர். அவரும், அவர்தம் ஆசானாகிய சதக்கத்துல்லாஹ் அப்பா (ரஹ்) அவர்களும் (1632-1703) இங்கேயே அடங்கியுள்ளனர். 'வித்ரிய்யா'வுக்குத் தக்மீஸ் பாடிய அந்த அரபுப் புலமையும், உமறுப் புலவரையும் படிக்காசுப் புலவரையும் ஆதரித்த தமிழ்க் கொடையும் ஒரே வளாகத்தில் துயில்கின்றன. வள்ளலைத் தமிழ்ப் பாடல்கள் கொடையாளராகவே காட்டும். டச்சு ஆவணங்களிலோ 'பெரியதம்பி' என்னும் பெயரில், கிழவன் சேதுபதியின் அரசில் செல்வாக்கு மிக்கவராக, தங்கள் ஏகபோகத்துக்கு இடையூறான வணிகராக அவர் வருகிறார். கொடுத்த கையைப் புலவர் எழுதினர்; அக்கை ஈட்டிய வகையைப் போட்டியாளர் எழுதினர். அவருடைய கணக்கேடு ஒன்றேனும் கிடைத்திருப்பின்!

ஏடுகள் கறையானுக்கு இரையாயின. கற்கள் அழிய வேண்டிய கட்டாயம் இல்லையே. மெஹர்தாத் ஷொகூஹி காயல்பட்டினம், கீழக்கரைப் பள்ளிகளை அளந்து வரைந்து 2003இல் ஆங்கிலத்தில் நூலாக்கினார். அப்பணியும் வெளிநாட்டார் கையாலேயே நடந்தது. இக்கரையின் வேறோர் ஊரில் (பெயர் வேண்டா), பள்ளியை விரிவாக்கியபோது அரபு எழுத்துப் பொறித்த மீசான் பலகைகளைப் படிக்கட்டுக்குப் பயன்படுத்தியிருந்ததைச் சில ஆண்டுகளுக்கு முன் பார்த்தோம். பளிங்கும் வழவழப்பான தரையும் வந்தன. ஹிஜ்ரி ஆண்டுகள் காலடியில் தேய்ந்தன. தீய நோக்கம் எவருக்கும் இல்லை. அவை ஆவணம் என்று எடுத்துச் சொல்வார் இல்லை, அவ்வளவே.

அஸர் தொழுகைக்குப் பின் இதைப் பற்றியே பேசிக்கொண்டு கரையில் அமர்ந்திருந்தோம். ஒரு மீசான் கல்லைப் படியெடுக்க வேண்டுவன தாளும் மையும் தண்ணீரும் தூரிகையும், அரை மணி நேரமும் என்று கணக்கிட்டார் கல்வெட்டு நண்பர். எழுத்தைப் படித்துத் தரும் பொறுப்பை ஆலிம் நண்பர் ஏற்றார். எந்த ஊர் மையவாடியிலிருந்து தொடங்குவது என்பதில் மட்டும், இருட்டும் வரை, எங்களுக்குள் கருத்து ஒன்றுபடவில்லை.