பள்ளி மறுதிறப்பு விவாதம் (2020–2022): அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரம்

கோவிட் பெருந்தொற்றை முன்னிட்டு 2020 மார்ச்சு மாத நடுவில் மூடப்பட்ட பள்ளிகளை எப்பொழுது திறப்பது, எந்த வகுப்பை முதலில் அழைப்பது என்பவை குறித்துத் தமிழகத்தில் ஏறத்தாழ இரண்டாண்டுக் காலம் நடந்த வாதப் பிரதிவாதமும், சென்னையின் மேற்குப் புறநகரில் அதன் விளைவுகளும் இங்கே கூறப்படுகின்றன. இத்தகைய சர்ச்சை உலகத்துக்குப் புதிதன்று. 1918ஆம் ஆண்டின் விஷ சுரத்தின்போது அமெரிக்க நகரங்கள் பலவும் பள்ளிகளை அடைத்துவிட, நியூயார்க்கும் சிகாகோவும், பிள்ளைகள் ஆசிரியர், மருத்துவர் கண்பார்வையில் இருப்பதே க்ஷேமம் என்று கருதித் திறந்தே வைத்திருந்தன. 2020 ஏப்ரலில் டென்மார்க் தேசம் சின்னஞ்சிறு வகுப்புகளையே முதலில் அழைத்தது. தமிழகம் கைக்கொண்ட வரிசை இதற்கு நேர்மாறானது; இவ்விவாதத்தின் உயிர்நிலை அவ்வரிசையிலேயே இருக்கிறது.

சென்னையின் மேற்குப் புறநகரில் பள்ளி திறப்பைப் பற்றிய அச்சம் காரணமின்றி எழவில்லை. கோயம்பேட்டுச் சந்தையில் தொற்றுப் பரவி, அது 2020 மே மாதத் தொடக்கத்தில் மூடப்பட்டபோது, காய்கறி மொத்த வியாபாரம் பூந்தமல்லியை அடுத்த திருமழிசைக்கு மாற்றப்பெற்று, செப்டம்பர் இறுதிவரை அங்கேயே நடந்தது. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வேலைக்குப் போகும் குடும்பங்களில், தாத்தா பாட்டியும் பேரப்பிள்ளைகளும் ஒரே அறையில் படுத்துறங்கும் வாடகை வீடுகள் பல உண்டாதலால், பள்ளிக்குப் போன பிள்ளை நோயைக் கொண்டுவந்து முதியோருக்குக் கொடுத்துவிடுமோ என்னும் கவலை மெய்யான கவலையே. ஆனால் பள்ளி மூடியதன் துன்பத்தை முழுதும் சுமந்தவையும் அதே வீடுகள்தாம். வீட்டுக்கு ஒரே கைப்பேசி. அதுவும் தகப்பனாரோடு ஷிப்டுக்குப் போய்விடும். காலையில் ஆசிரியர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய கணக்கை, தகப்பனார் இரவு திரும்பிக் குளித்துவிட்டு வந்தபிறகு, சார்ஜ் இறங்கிப்போன திரையில் பிள்ளை உற்றுப் பார்த்து நோட்டில் எழுதிக்கொள்ளும். கல்வித் தொலைக்காட்சி ஓரளவு துணைநின்றது. எனினும், புரியவில்லை என்று சொல்லும் குழந்தையின் குரல் அந்தப் பெட்டிக்குக் கேளாது. மத்தியான உணவும் நின்று, அதற்கீடாக அரிசியும் பருப்பும் வழங்கப்பட்டன.

பூந்தமல்லியிலுள்ள பார்வையற்றோர்க்கான அரசுப் பள்ளியை இங்கே தனித்துக் குறிப்பிடுதல் அவசியம். பிரெயில் புள்ளிகளை விரல்நுனியால் தடவி வாசிக்கவும், ஆசிரியர் கைபிடித்துக் காட்ட உருவங்களை அறியவும் பழகவேண்டிய பிள்ளைகளுக்கு, தொடாதே, விலகி நில் என்னும் கட்டளை கல்வியின் வாயிலையே அடைப்பதாகும். திறப்பதா, மூடுவதா என்று மேடைகளில் நடந்த பேச்சில் இவர்களுடைய நிலைமை உரிய இடம் பெறவில்லை என்பதே இக்கட்டுரையாளரின் அபிப்பிராயம்.

முதற்கட்ட விவாதம் பரீட்சையைச் சுற்றியே சுழன்றது. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு மீண்டும் மீண்டும் ஒத்திவைக்கப்பட்டு, 2020 ஜூன் 9ஆம் நாள் ரத்து செய்யப்பட்டது. 10 முதல் 12 வரையுள்ள வகுப்பினர் விருப்பமிருந்தால் அக்டோபர் 1 முதல் பள்ளிக்கு வந்து சந்தேகம் தெளியலாம் என்ற உத்தரவு அந்நாள் வருமுன்பே நிறுத்திவைக்கப்பட்டது. பின்னர், நவம்பர் 16இல் 9 முதல் 12 வரை திறக்கப்படும் என்று அறிவித்த அரசு, எதிர்க்கட்சியினரின் கண்டனம் எழுந்த நிலையில், நவம்பர் 9ஆம் நாள் பள்ளிதோறும் பெற்றோரை அழைத்துக் கருத்துக் கேட்டது. கருத்துகள் ஒன்றுபடவில்லை, திறப்பு மீண்டும் தள்ளிப்போயிற்று. பொங்கல் கழிந்து, 2021 ஜனவரி 19இல் 10, 12ஆம் வகுப்புகள், அறைக்கு 25 பேர் என்ற கணக்கில், பெற்றோரின் ஒப்புதல் கடிதத்தோடும் சத்து மாத்திரைகளோடும் தொடங்கின. பிப்ரவரி 8இல் சேர்ந்த 9, 11ஆம் வகுப்புகள் மார்ச்சு 22 முதல் மறுபடியும் நின்றன. இரண்டாம் அலையில் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வும் கைவிடப்பட்டது.

2021 ஜூலையில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் தலைமை இயக்குநர் பல்ராம் பார்கவா, தொடக்கப் பள்ளிகளை முதலில் திறப்பதே உசிதம் என்று சொன்னார். நோய்க்கிருமி பற்றிக்கொள்ளும் ஏற்பிகள் சிறுகுழந்தைகளிடம் குறைவு என்பது அவர் காட்டிய நியாயம். அவ்வாண்டு எடுத்த தேசிய இரத்தப் பரிசோதனையும், 6 முதல் 17 வயதுவரை உள்ளோரிற் பாதிப்பேருக்கு மேல் முன்னமே தொற்றுக்கு ஆளாகியிருந்தனர் எனக் காட்டிற்று. இருந்தும் செப்டம்பர் 1இல் 9 முதல் 12 வரையே திறக்கப்பட்டது. முகக்கவசத்தைக் கழற்றாமல் இருக்கவும் விலகி அமரவும் பெரிய பிள்ளைகளுக்குச் சொன்னால் தெரியும் என்பது ஒரு காரணமே. பொதுத்தேர்வு அவர்களுக்கு உண்டு என்பதே பெருங்காரணம். தேர்வில்லாத குழந்தைக்குத் தாமதம் நஷ்டமன்று என்ற எண்ணம் பிழையானது. பதினாறு வயதினன் புத்தகத்தை வைத்துக்கொண்டு தானே படிக்கக்கூடும். ஆறு வயதுக் குழந்தை, பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து கையைப் பிடித்து எழுதவைத்தாலன்றி, ‘அ’வுக்குச் சுழி போடக் கற்காது.

1 முதல் 8 வரை 2021 நவம்பர் 1இல்தான் திறக்கப்பட்டது. 2020இல் ஒன்றாம் வகுப்பிற் சேர்ந்த குழந்தை, தன் வகுப்பறையை முதன்முதலிற் கண்டது இரண்டாம் வகுப்பு மாணாக்கனாகத்தான். மாலை நேரத்தில் தன்னார்வலர் தெருவிலேயே பாடம் நடத்தும் இல்லம் தேடிக் கல்வித் திட்டம் அக்டோபர் 27இல் தொடங்கியிருந்தது. ஓமிக்ரான் அலையில் 2022 ஜனவரியில் மறுபடி அடைபட்ட பள்ளிகள் பிப்ரவரி 1இல் திறந்தன. மழலையர் வகுப்புகள் 16ஆம் நாள்வரை காத்திருந்தன.

2022 ஜூன் 13இல், ஆவடியும் பூந்தமல்லியும் அடங்கிய திருவள்ளூர் மாவட்டத்திலேயே, அழிஞ்சிவாக்கம் ஊராட்சி ஒன்றியப் பள்ளியில், எண்ணும் எழுத்தும் திட்டத்தை முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் தொடங்கிவைத்தார். 1 முதல் 3 வரையுள்ள வகுப்புகளின் பிள்ளைகள் அரும்பு, மொட்டு, மலர் என்று அவரவர் அறிந்த அளவுக்கேற்பப் பிரிக்கப்பட்டனர். எழுத்தறியாமல் மூன்றாம் வகுப்புக்கு வந்துவிட்ட பிள்ளை, அரும்பு நிலையில் அமர்ந்து உயிரெழுத்திலிருந்து தொடங்கிற்று.