துரை படித்த பள்ளிக்கூடம்

எங்கள் ஊர் வீட்டுக் கொல்லையில், மாட்டுக் கொட்டிலுக்கும் வைக்கோல் போருக்கும் நடுவே ஓர் எருக்குழி இருந்தது. கொட்டிலைக் கூட்டிய சாணியும் கூளமும், அடுப்புச் சாம்பலும், வாழைச் சருகும் தினமும் அதற்குள் போகும். கோடையில் குழியை வெட்டி, வண்டியேற்றி, வயலில் கொண்டுபோய்க் கும்பல் கும்பலாகக் கொட்டுவார்கள். என் பாட்டனார் இதைப் பற்றி யாருக்கும் உபதேசம் செய்ததில்லை. உபதேசம் செய்யும்படியான விஷயம் அதில் இருப்பதாகவே அவருக்குத் தோன்றியிராது. பல் துலக்குவது எப்படி என்று யாராவது புத்தகம் எழுதுவார்களா?

எழுதினார்கள் என்பதுதான் வேடிக்கை. எழுதியவர் ஓர் ஆங்கிலேயர்.

ஆல்பர்ட் ஹோவர்டு 1873-ஆம் வருஷம் இங்கிலாந்தில் ஷ்ராப்ஷயர் என்ற சீமையில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். கேம்பிரிட்ஜில் படித்தார். மேற்கிந்தியத் தீவுகளில் பயிர் நோய்களை ஆராயும் உத்தியோகம் கிடைத்தது. அங்கேதான் அவருக்கு முதல் உறுத்தல். தோட்டக்காரர்களுக்கு யோசனை சொல்லுகிறோமே, நாம் சொந்தமாக ஒரு செடி வைத்து வளர்த்துப் பார்த்ததுண்டா? ஆராய்ச்சிச் சாலையில் பூதக்கண்ணாடியும் கையுமாக உட்கார்ந்திருக்கும் சந்நியாசிக்கு வயலில் என்ன தெரியும்? உத்தியோகஸ்தர்களுக்கு இப்படிப்பட்ட கேள்வி சுலபத்தில் தோன்றுவதில்லை. தோன்றினாலும் சம்பள நாளில் மறந்துவிடும். ஹோவர்டுக்கு மறக்கவில்லை.

1905-இல் அவர் பீஹாரிலுள்ள புஸாவுக்குத் தாவர நிபுணராக வந்து சேர்ந்தார். சர்க்கார் அவரை அனுப்பியது நம்முடைய விவசாயத்தைச் சீர்திருத்துவதற்கு. வந்தவர் முதலில் செய்தது, சொந்தப் பொறுப்பில் பயிர் செய்ய நிலம் கேட்டதுதான். எழுபத்தைந்து ஏக்கர் கிடைத்தது. சுற்றுப்புறத்து வயல்களைப் பார்த்தார். பூச்சி மருந்து என்றால் என்னவென்றே அறியாத குடியானவர்களின் பயிரில் பூச்சித் தொல்லை அவ்வளவாக இல்லை. அப்படியானால் படிக்க வேண்டியவர் யார், படிப்பிக்க வேண்டியவர் யார் என்று யோசித்தார். அந்தக் குடியானவர்களையே தமக்கு வாத்தியார்களாக வரித்துக்கொண்டார். பூச்சிகளையும் வாத்தியார் வரிசையில் சேர்த்தார். பூச்சி வந்தால் பயிரின் மேல் கோபிக்காதே, நிலத்தில் எங்கேயோ பிசகு இருக்கிறது என்று அது தகவல் சொல்ல வந்திருக்கிறது என்பது அவர் கட்சி.

ஆராய்ச்சிக்கென்று அவரிடம் உழவு மாடுகள் இருந்தன. தம்முடைய நிலத்தில் விளைந்த தீனியையே அவற்றுக்குப் போட்டு வளர்த்தார். பக்கத்துப் பண்ணை மாடுகளுக்குக் கோமாரி வந்தது. நடுவே ஒரு குட்டை வேலிதான். அவருடைய மாடுகள் வேலிக்கு மேலே தலையை நீட்டி, நோயுற்ற மாடுகளோடு மூக்கை மூக்கால் உரசிக்கொண்டு நின்றனவாம். ஒன்றுக்கும் நோய் தொற்றவில்லை என்று எழுதியிருக்கிறார். இன்றைய கால்நடை வைத்தியர் இதைக் கேட்டால் தலையில் அடித்துக்கொள்வார். எனக்கும் பூரண நம்பிக்கை வரவில்லை. நோய் கண்டால் ஊசி போடுவதே புத்திசாலித்தனம். ஆனால், வேலியோரம் நின்று அந்த மாடுகளின் மூக்கையே பார்த்துக்கொண்டிருந்த மனிதரை எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது.

அவருக்கு முன்னாலேயே இப்படி நேர்மையாகப் பேசியவர் ஒருவர் உண்டு. 1889-இல் சர்க்கார் தருவித்த வோல்கர் என்ற ரசாயன நிபுணர் தேசமெல்லாம் சுற்றிப் பார்த்துவிட்டு, 1893-இல் ஓர் அறிக்கை வெளியிட்டார். இந்திய ரயத்து சராசரி ஆங்கில விவசாயிக்கு மட்டமானவன் அல்ல, சில விஷயங்களில் அவனைவிட மேல் என்று அதில் கண்டிருந்தது. விறகில்லாமல் சாணியை வறட்டியாகத் தட்டி எரித்துவிடுகிறார்களே என்பதுதான் அவருடைய பெரிய வருத்தம்.

அந்த வருத்தத்துக்கு ஹோவர்டு இந்தூரில் பரிகாரம் தேடினார். 1924-இல் அங்கே ஓர் ஆராய்ச்சி நிலையம் அமைந்தது. முந்நூறு ஏக்கர் நிலம். பருத்திதான் முக்கியப் பயிர். பருத்தி மாறு, களை, சருகு எல்லாவற்றையும் சாணியோடும், மாட்டு மூத்திரம் ஊறிய மண்ணோடும், சாம்பலோடும் கலந்து, ஆழமில்லாத குழிகளில் அடுக்கித் தண்ணீர் தெளித்தார்கள். மூன்று தடவை புரட்டிப் போட்டார்கள். மூன்று மாதத்தில் கறுத்து, உதிர்ந்து, மண் வாசனை வீசும் எரு கிடைத்தது. யஷ்வந்த் வாட் என்ற இந்திய ரசாயனி இதில் அவருக்குத் துணை. இருவரும் சேர்ந்து 1931-இல் இதைப் புத்தகமாக்கினார்கள். புஸாவிலும் இந்தூரிலும் சமமாக உழைத்த மனைவி கேப்ரியேல், தாவர சாஸ்திரத்தில் அவருக்கு இளைத்தவர் அல்லர், 1930-இலேயே காலமாகிவிட்டார்.

அப்புறம் சங்கதி கடல் கடந்தது. 1935-இல் காந்தியடிகள் 'ஹரிஜன்' பத்திரிகையில் இந்தூர் முறையைப் பற்றி எழுதினார். 1940-இல் ஹோவர்டின் பெரிய புத்தகம் லண்டனில் வெளிவந்தது. அதைப் படித்து அமெரிக்காவில் ரோடேல் என்பவர் 1942-இல் இதற்கென்றே ஒரு பத்திரிகை தொடங்கினார். இங்கிலாந்தில் ஈவ் பால்ஃபர் சீமாட்டி 1943-இல் ஒரு புத்தகம் எழுதினார். 1946-இல் மண்ணுக்காக ஒரு சங்கமே ஏற்பட்டது. துரையின் பெயர் உலகம் பூராவும் தெரியும். கடனை மறைக்காமல், இந்திய, சீனக் குடியானவர்களிடம் கற்றேன் என்றுதான் அவரும் சொல்லி வந்தார். ஆனால், புஸாவில் அவருக்குப் பாடம் சொன்ன ஒரு குடியானவனின் பெயரைக்கூட நான் எங்கும் படித்ததில்லை.

இத்தனை நடந்தபோது எங்கள் கொல்லைக் குழி என்ன ஆயிற்று? அதை மூடியவர் என் தகப்பனார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. 1960-களில் தேசம் அமெரிக்கக் கோதுமைக் கப்பலை எதிர்பார்த்துக் கிடந்தது. தஞ்சை ஜில்லாவில் தீவிர சாகுபடித் திட்டம் வந்தது. ஏ.டி.டி. 27 என்ற புது நெல்லை வானொலி பிரசித்தப்படுத்தியது. ஜனங்கள் அதற்கு 'ரேடியோ நெல்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். சாயங்காலமானால் ஊர்ப் பொது ரேடியோவுக்கு எதிரே துண்டை விரித்து உட்கார்ந்து, எத்தனை மூட்டை யூரியா, எப்போது மேலுரம் என்று பாடம் கேட்டார்கள். அதுவும் ஒரு பள்ளிக்கூடந்தான், பசியாற்றிய பள்ளிக்கூடம். ஒன்றே ஒன்றுதான் குறை. அங்கே வாத்தியார் பேசுவார். மாணாக்கன் பேச முடியாது.

நாளடைவில் மாடு போயிற்று, குழி தூர்ந்தது, அதன் மேல் ஓர் அறை எழும்பிற்று. அதில்தான் நான் பரீட்சைக்குப் படித்தேன். தகப்பனார் காலத்துக்குப் பிறகு நிலத்தை விற்றேன்.

ஹோவர்டு நடந்த வழியில் நம்மவர் ஒருவரும் நடந்தார். நம்மாழ்வார் கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையத்தில் உத்தியோகம் பார்த்தவர். மானாவாரிக் குடியானவனுக்கு இந்த ஆராய்ச்சி உதவாது என்று கண்டு, 1969-இல் அதை உதறிவிட்டு ஊர் ஊராகப் போனார். பச்சைத் தலைப்பாகையும் வெள்ளைத் தாடியுமாக மரத்தடியில் உட்கார்ந்து, விவசாயிகளைப் பேச விட்டுக் கேட்டார். 2013-இல் மறைந்தார். அவரோடு பழகியவர்களில் ஒருவர் திருத்துறைப்பூண்டிப் பக்கத்து ஜெயராமன். அழிந்துபோன நெல் ரகங்களைத் தேடித் தேடிச் சேகரித்து, 2006 முதல் ஆதிரெங்கம் கிராமத்தில் நெல் திருவிழா நடத்தினார். 2018-இல் அவர் காலமானபோது நூற்றறுபதுக்கு மேற்பட்ட ரகங்கள் மீண்டிருந்தன.

அவர் இருந்த காலத்தில் ஒரு தடவை நானும் அந்தத் திருவிழாவுக்குப் போனேன். கல்யாணப் பந்தல் போலக் கூட்டம். வரிசையாக நெல்: மாப்பிள்ளைச் சம்பா, பூங்கார், கருங்குறுவை, உப்பு மண்ணிலும் விளையும் குடவாழை, ஆளை மறைக்கும் உயரமுள்ள காட்டுயானம். மேடைப் பேச்சை விடப் பந்தல் ஓரத்துப் பேச்சுதான் பாடம். ஒருவர் தம் வயலில் குடவாழை சாய்ந்த கதையைச் சொல்ல, வேதாரணியத்துக்காரர் ஒருவர் தண்ணீர் கட்டியதில் பிசகு என்று திருத்தினார்.

பக்கத்திலிருந்த முதியவரிடம் நான் என் படிப்பைக் காட்டினேன். இந்தூர் முறையைக் குழியின் அளவு முதல் விஸ்தாரமாகச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"எங்கப்பா செஞ்சதுதானுங்களே இது?" என்றார். சற்று யோசித்து, "ஆனா அவரு புரட்டிப் போட்டதில்லை. வருஷம் பூராக் கிடக்கும். மூணு மாசத்திலே ஆவுமின்னா நல்லதுதான். எத்தனாம் நாளு புரட்டணும்? சொல்லுங்க" என்று கேட்டுக்கொண்டார்.

துரை கற்றதில் ஒரு பங்கு, என் வாய் வழியாக, எடுத்த இடத்துக்கே திரும்பிப் போயிற்று. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

விதை கொடுக்கும் இடத்தில் வரிசை நின்றது. ஏற்பாடு எளியது: இரண்டு கிலோ விதை வாங்கினால், விளைந்த பின் அடுத்த வருஷம் நான்கு கிலோவாகத் திருப்ப வேண்டும். பத்திரம் கிடையாது, ஜாமீன் கிடையாது. நானும் அந்த உற்சாகத்தில் வரிசையில் போய் நின்றுவிட்டேன். முதியவர் எனக்குப் பின்னால் நின்றார்.

"ஐயாவுக்கு எத்தனை மா நெலம்?" என்று கேட்டார்.

நான் ஒதுங்கி அவருக்கு வழி விட்டேன். காட்டுயானம் வாங்கிக்கொண்டு திரும்பியவர், பையிலிருந்து ஒரு பிடி எடுத்து என் கையில் வைத்தார். "தொட்டியிலே போட்டாக்கூட வருமுங்க" என்றார்.