சோழவரத்துச் சாலையும் எவர்சில்வர்க் குழாயும்

அம்பத்தூரிலிருந்து செங்குன்றம் போகும் சாலையில் அமைந்த கள்ளிக்குப்பம், சென்னையின் சரித்திரத்தில் தனக்கென்று ஓர் அத்தியாயம் கேட்கக்கூடிய ஊர் அன்று. ஆயினும் இந்நாட்டில் மோட்டார்ப் பந்தயம் வளர்ந்த கதையை எழுதப் புகுகிறவர், அவ்வூருக்குத் தெற்கே உள்ள தொழிற்பேட்டையையும், செங்குன்றத்தைத் தாண்டி வடக்கே உள்ள சோழவரத்து விமானத் தளத்தையும் விட்டுவிட்டு எழுத முடியாது.

இரண்டாம் உலக யுத்த காலத்தில் அமைக்கப்பட்ட அத்தளத்தில், யுத்தம் முடிந்து விமானங்கள் போன பிறகு, ஓடுபாதைகள் மட்டும் எஞ்சி நின்றன. 1953-ல் தோன்றிய மதராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அவற்றையே பந்தயப் பாதையாக ஆக்கிக்கொண்டது. 1990-ல் ஸ்ரீபெரும்புதூருக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் அதற்கெனவே ஒரு பாதை அமையும் வரையில், தென்னாட்டுப் பந்தயத்துக்குச் சோழவரமே க்ஷேத்திரமாக இருந்தது. கோண்டல் சமஸ்தானத்து ராஜகுமாரர் போன்ற தனவந்தர்கள் அந்நிய தேசத்துப் பந்தயக் கார்களுடன் வந்தார்கள் என்பது உண்மையே. ஆனால் என் சிரத்தையெல்லாம் அவர்களிடத்தில் இல்லை. இறக்குமதிக் கட்டுப்பாடு இறுகியிருந்த அக்காலத்தில், வீட்டிலிருந்த பியட்டையும் அம்பாஸடரையும், சென்னைப் புறநகரிலேயே 1961 முதல் உற்பத்தியான ஸ்டாண்டர்டு ஹெரால்டையும் பிரித்துப்போட்டு, அவற்றிலிருந்து வேகத்தைக் கறக்க முயன்றவர்களிடத்திலேயே இருக்கிறது.

அப்படி முயன்றவர்கள் முதலில் கை வைக்க நேர்ந்தது சைலன்சரில். எஞ்சினை விட்டு வெளியேறும் புகை, தொடர்ந்து பாயும் நீரோட்டம் அன்று. ஒவ்வொரு சிலிண்டரும் வெடிக்க வெடிக்கத் துடித்துத் துடித்து வரும் அலை. ஒரு சிலிண்டரின் அலை மற்றொன்றின் வழியை மறிக்காமல், அதன் புகையைத் தன் பின்னே இழுத்துக்கொண்டு போகும்படி குழாய்களின் நீளத்தை ஒத்தமைத்தால், எரிந்த வாயு விரைவில் வெளியேறிப் புதுக்காற்றுக்கு இடம் கிடைக்கிறது. 1-3-4-2 என்ற வரிசையில் வெடிக்கும் ஹெரால்டு எஞ்சினில், முதற்குழாயை நான்காவதோடும் இரண்டாவதை மூன்றாவதோடும் சேர்த்துப் பின்பு இரண்டையும் ஒன்றாக்கும் முறை இந்த ஞானத்திலிருந்து பிறந்ததே.

குழாயை வளைப்பது தனி வித்தை. வளைக்கும் யந்திரம் இல்லாத பட்டறையில், நன்றாக உலர்த்திய மணலை இரும்புக் குழாய்க்குள் கொட்டி, சுத்தியால் பக்கங்களைத் தட்டித் தட்டி இறுக்கி, இரு முனைகளையும் மரக்கட்டையால் அடைத்து, காஸ் ஜ்வாலையில் சிவக்கக் காய்ச்சி, மெல்ல மெல்ல வளைப்பார்கள். மணல் இல்லாவிட்டால் வளைவில் குழாய் நசுங்கிவிடும், மணலில் ஈரம் இருந்தாலோ ஆவி கிளம்பி அடைப்புக் கட்டை குண்டுபோல் பறக்கும்.

இங்கே ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லவேண்டும். துருப்பிடிக்காத எஃகைப் பந்தயக்காரன் கேட்கவில்லை. சில நிமிஷங்களில் முடிந்துவிடும் ஓட்டத்துக்குச் சாதாரண இரும்புக் குழாயே போதுமானது. அது வெடித்தால் ஒட்டிக்கொள்ளலாம், துருப்பிடித்தால் வேறொன்று செய்யலாம். எவர்சில்வர்க் குழாயைக் கேட்டவன், காரைப் பல வருஷம் வைத்துக் காப்பாற்ற விரும்பிய சொந்தக்காரனே. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் நீர் ஆவியாக உண்டாகிறது. குறுந்தூரப் பிரயாணத்தில் அது முழுவதும் வெளியேறாமல் சைலன்சருக்குள்ளேயே குளிர்ந்து தங்கி, இரும்பை உள்ளிருந்து அரிக்கிறது.

1913-ல் ஷெபீல்டு நகரத்தில் ஹாரி பிரியர்லி குரோமியம் கலந்து வார்த்த எஃகு, நம் நாட்டில் காருக்கு வருமுன் சமையலறைக்கு வந்தது. தம்ளரும் அடுக்கும் சம்புடமுமாகக் கல்யாணச் சீர்வரிசையில் இடம் பெற்றது. 1981-ல் சேலம் உருக்காலை இந்த எஃகுத் தகட்டை உருட்டத் தொடங்கியது. 1960-களில் அரசாங்கம் அமைத்த அம்பத்தூர்த் தொழிற்பேட்டையோ லேத்துக்கும் வெல்டிங்குக்கும் இருப்பிடமாயிற்று. அதற்கு முன்பே 1949-ல் டி.ஐ. சைக்கிள் தொழிற்சாலை இவ்வட்டாரத்துக்கு வந்திருந்தது, 1961-ல் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை நிறுவப்பட்டது.

ஆயினும் எவர்சில்வர்க் குழாயைப் பற்றவைக்கும் நேர்த்திக்கு உரிய உபமானம் பால்பண்ணையில்தான் கிடைக்கிறது. பால் ஓடும் குழாயின் இணைப்பில் உட்புறம் கரடுமுரடாக இருந்தால் அங்கே பால் தங்கிப் புளிக்கும். ஆகையால் வெளியே ஆர்கன் வாயுவின் காவலில் பற்றவைக்கும்போதே, குழாய்க்குள்ளும் ஆர்கனைச் செலுத்திக் காற்றை விரட்டுகிறார்கள். சைலன்சர்க் குழாய்க்கும் இதுவே தர்மம். உள்ளே காற்று இருந்தால் உருகிய எஃகு கருகி, கற்கண்டுபோலப் பொருக்குத் தட்டி, புகையின் வழியை மறிப்பதோடு, பிற்பாடு விரிசல் விடுவதும் அந்த இடத்திலேதான். மேலும் இவ்வெஃகு சூட்டில் சாதாரண இரும்பைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு விரிவது. ஆதலால் நெகிழ்ந்து கொடுக்கும் இணைப்பும் ரப்பர்த் தொங்கலும் இன்றி இறுக்கிப் பொருத்துகிறவன் எவ்வளவு கெட்டிக்காரனாயினும் சீக்கிரமே தோற்பான்.

இக்காலத்தில் பலர் இக்குழாயை நாடுவது ஆயுளுக்காக அன்று, சப்தத்துக்காக. சப்தம் பெருகினால் சக்தி பெருகியதாக எண்ணுவது பிரமை. 1989-ஆம் வருஷத்து மத்திய மோட்டார் வாகன விதிகளில் 120-ஆம் விதி, ஒவ்வொரு வாகனத்திலும் ஒலியைக் கூடியமட்டும் குறைக்கும் சைலன்சர் இருக்கவேண்டும் என்று கட்டளையிடுகிறது. 1995 முதல் சென்னை உள்ளிட்ட பெருநகரங்களின் புதுக் கார்களுக்குக் கட்டாயமாக்கப்பட்ட புகை சுத்திகரிக்கும் கருவியை அறுத்தெறிவதோ அபராதத்துக்குரிய குற்றம்.

ஆகவே, சைலன்சரையும் அக்கருவியையும் காப்பாற்றிக்கொண்டு தம் காருக்கு எவர்சில்வர்க் குழாய் பொருத்த விரும்பும் அன்பர்களுக்கு ஒரு வார்த்தை: வெளியே மயில்கழுத்து நிறத்தில் மின்னும் பற்றவைப்புத் தையலைக் கண்டு மயங்கிவிடாதீர்கள், பணத்தை எண்ணிக் கொடுப்பதற்கு முன், குழாயைக் காரில் மாட்டும் முன்னரே, ஒரு டார்ச் விளக்கை வாங்கி உட்புறத்தைப் பாருங்கள்.