டன்லப் ஸ்டாப்பிங்கும் ஒரு பஞ்சர் திரியும்

போன ஞாயித்துக்கிழமை காலைல பருத்திப்பட்டு ஏரிக்கரைல நடந்துட்டு வந்து வண்டியை எடுக்கப் போனா, பின் டயர்ல பளபளன்னு ஒரு ஆணி. ஆனா காத்து இறங்கலை. டியூப்லெஸ் டயராச்சே! ஆணியைப் புடுங்காம மெதுவா வீட்டுக்கு ஓட்டிட்டு வந்து, வாசல்லயே உக்காந்து நானே அடைச்சுட்டேன். அரை மணி நேரம் ஆச்சு. (கடைல அஞ்சு நிமிஷ வேலைதான், சிரிக்காதீங்க :-))

திண்ணைல உக்காந்து பேசாம பாத்துக்கிட்டிருந்தார் அப்பா. அந்தக் காலத்துல ராத்திரி ஷிப்ட் முடிஞ்சு வரும்போது சைக்கிள் பஞ்சரானா, அம்பத்தூர்லேர்ந்து ஆவடி வரைக்கும் தள்ளிக்கிட்டே வந்த மனுஷன். அந்த நேரத்துல எந்தக் கடை திறந்திருக்கும்? அந்த நடைக்கும் என் அரை மணிக்கும் நடுவுல ஒரு பெரிய கதை இருக்கு.

கதை நம்ம ஏரியாலயே ஆரம்பிக்குது. அம்பத்தூர்ல டன்லப்னு ஒரு பஸ் ஸ்டாப்பிங் உண்டு. 1959-ல் அங்கே வந்த டயர் தொழிற்சாலையோட பேர். தொழிற்சாலை மூடியாச்சு, பேர் மட்டும் கண்டக்டர் வாயில் வாழுது. அந்தப் பேருக்குச் சொந்தக்காரர் ஜான் பாய்ட் டன்லப் ஒரு மாட்டு டாக்டர். பெல்ஃபாஸ்ட் நகரத்துல மகனோட மூணு சக்கர சைக்கிள் குலுங்காம ஓடணும்னு காத்தடைச்ச டயர் செஞ்சார். 1888-ல் காப்புரிமையும் வாங்கினார். ராபர்ட் வில்லியம் தாம்சன்னு ஒருத்தர் 1845-லயே இதே யோசனைக்குக் காப்புரிமை வாங்கி வச்சிருந்தது பின்னாடி தெரிய வந்து, டன்லப்போடது செல்லாமப் போச்சு. ஆனா ஸ்டாப்பிங் பேர் தாம்சனுக்குக் கிடைக்கலை பாருங்க!

டன்லப் டயர்ல ஒரு பெரிய வில்லங்கம். அதைச் சக்கரத்தோட பசை போட்டு ஒட்டியிருப்பாங்க. 1889-ல் பிரான்ஸ்ல கிளெர்மோன் ஃபெர்ரான் ஊர்ல மிஷலின் சகோதரர்களோட பட்டறைக்கு ஒருத்தர் பஞ்சரான சைக்கிளோட வந்தார். டயரைப் பிரிச்சு ஒட்ட மூணு மணி நேரம். பசை காய ஒரு ராத்திரி. மறுநாள் ஓட்டிப் பாத்தா கொஞ்ச நேரத்துல மறுபடி புஸ்ஸ்! அந்தக் கடுப்புலதான் கழட்டி மாட்டற டயர் பொறந்துச்சு. 1891-ல் பாரிஸ்லேர்ந்து பிரெஸ்ட் போய்த் திரும்பற 1,200 கிலோமீட்டர் பந்தயத்துல சார்ல் டெரோன் அதைப் போட்டுக்கிட்டு ஜெயிச்சார். அடுத்த வருஷம் மிஷலின்காரங்க தாங்களே ஒரு பந்தயம் வச்சு, ரோட்டுல ஆணியையும் தூவி விட்டாங்களாம், எவ்வளவு சுலபமா ஒட்டலாம்னு காட்ட! நம்ம ஊர்ல பஞ்சர் கடைக்காரங்க மேல சும்மா போடற பழியை அங்கே கம்பெனிக்காரங்களே செஞ்சிருக்காங்க.

காருக்கு வேற வழி வந்தது. ஆரம்ப காலத்துக் கார்கள்ல மாத்துச் சக்கரமே கிடையாது. வேல்ஸ்ல லனெல்லி ஊர்ல, ஸ்டெப்னி தெருவுல ஒரு கடை. 1904 வாக்குல அங்கேதான் அவசரத்துக்கு மாட்டற சக்கரம் தயாராச்சு. பேரும் தெருப் பேர்தான். அந்த ஊரைக் கேள்விப்படாத நம்ம டிரைவர்கள் இன்னிக்கும் 'ஸ்டெப்னி இருக்கா?'ன்னுதான் கேக்கறாங்க.

டியூபைத் தூக்கிப் போட்டவர் ஃபிராங்க் ஹெர்ஸே, அமெரிக்கால குட்ரிச் கம்பெனிக்காரர். 1946-ல் விண்ணப்பம், 1952-ல் காப்புரிமை. 1955 வாக்குல அங்கே புதுக் கார்கள்ல அதுவே வழக்கமாயிடுச்சு. டியூப்ல ஆணி ஏறினா, காத்து டியூபுக்கும் டயருக்கும் நடுவுல புகுந்து, ரிம் ஓட்டை வழியா வெளியே போயிடும். டியூப்லெஸ்ல அந்தச் சந்தே இல்லை. டயரோட உள்பக்கம் காத்துப் புகாத ரப்பர் பூச்சு. குத்தின ஆணியே அடைப்பான் மாதிரி நிக்கும். சாதாரண கம்பிச் சக்கரத்துல கம்பி மாட்டற ஓட்டை வழியா காத்து கசியும். அதனாலதான் நம்ம பைக்குகளுக்கு அலாய் சக்கரம் வந்த பிறகுதான் இது பரவலாச்சு.

சரி, வாசல் வேலைக்கு வரேன். ஆணி எந்தப் பக்கம் சாஞ்சிருக்குன்னு பாத்து வச்சுக்கணும். நான் பாக்காம புடுங்கிட்டு, அப்புறம் சோப்புத் தண்ணி ஊத்தி ஓட்டையைத் தேடினேன். அரத்தை அதே சாய்வுல உள்ளே விட்டு ஓட்டையைச் சொரசொரப்பாக்கணும். ஊசிக் காதுல ரப்பர் திரியைக் கோத்து, பசை தடவி, ரெண்டு நுனியும் வெளியே நிக்கற வரைக்கும் அழுத்தணும். அப்புறம் ஊசியை வெடுக்குனு இழுக்கணும். நான் பயந்து பயந்து மெதுவா இழுத்ததுல திரியும் கூடவே வந்துடுச்சு! ரெண்டாவது திரிதான் நின்னுச்சு. நுனியை வெட்டி, காத்தடிச்சு, மறுபடி சோப்புத் தண்ணி ஊத்தினேன். குமிழி வரலை.

இது தரையில படற நடுப்பகுதிக்கு மட்டும்தான். பக்கவாட்டுல குத்தினா கையே வைக்காதீங்க. அந்த இடம் ஓடும்போது மடங்கி மடங்கி நிமிரும், திரி தாங்காது. ஆறு மில்லிமீட்டருக்கு மேல ஓட்டை பெரிசா இருந்தாலும் வேண்டாம். நடுவுல போட்ட திரியும் அவசரத்துக்குத்தான். டயரைக் கழட்டி உள்பக்கம் ஒட்டுப் போடறதுதான் முறையான வேலை.

2020-ல் மத்திய அரசு விதியை மாத்தி, டியூப்லெஸ் டயர், பஞ்சர் ஒட்டற சாமான், காத்தழுத்தம் காட்டற கருவி மூணும் இருக்கற சின்ன வண்டிகளுக்கு ஸ்டெப்னி கட்டாயமில்லைன்னு சொல்லிடுச்சு. லனெல்லி தெருவோட பேர் நம்ம ஊர்ல இன்னும் எத்தனை நாளோ.

எல்லாம் முடிச்சு கை கழுவிட்டு வந்தேன். அப்பா கேட்டது ஒரே கேள்வி.

"அந்த ஆணியை எங்கடா போட்டே? ரோட்டுல வீசிடலையே?"