ஜோர்ஜ்டவுன் தெருப் பெயர்ப் பலகைகள்

1786இல் பிரான்சிஸ் லைட் பினாங்கைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்காகக் கைக்கொண்ட பிறகு ஜோர்ஜ்டவுன் உருவானது. லைட் தெரு, கடற்கரைத் தெரு, சூலியா தெரு, பிட் தெரு ஆகிய நான்கும் அதன் முதல் தெருக்களுள் அடங்கும். சோழமண்டலக் கரையிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம் வணிகர்களின் பெயரையே சூலியா தெரு தாங்கி நிற்கிறது.

அரசு ஏட்டில் தெருவுக்கு ஒரு பெயர்தான். மக்கள் பேச்சிலோ பல பெயர்கள் வழங்கின. மார்க்கெட் தெரு தமிழருக்குக் கடைத்தெரு. செட்டியார்கள் தொழில் நடத்திய பினாங்கு தெரு கிட்டங்கித் தெரு. ஹொக்கியன் பேசுவோர் நீண்ட தெருவொன்றின் வெவ்வேறு பகுதிகளுக்குத் தனித்தனிப் பெயர் வைத்திருந்தனர். 1900இல் லோ மான் யுக் இத்தகைய சீனப் பெயர்களைத் திரட்டி, ராயல் ஏசியாட்டிக் சங்கத்தின் நீரிணைக் கிளை இதழில் வெளியிட்டார்.

பெயர் அப்படியே இருக்க, இடத்தின் தன்மை மாறியதும் உண்டு. கடற்கரைத் தெரு தொடக்கத்தில் அலையோரம்தான் இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கடலைத் தூர்த்து வெல்ட் கீ அமைக்கப்பட்டதும் கரை கிழக்கே நகர்ந்துவிட்டது. பெயரை நம்பி அத்தெருவுக்குப் போகிறவர் அங்கே கடலைக் காண முடியாது.

மலாய் தேசிய மொழியானபின் தெருக்கள் ‘லெபோ’, ‘ஜாலான்’, ‘லோரோங்’ ஆயின. மார்க்கெட் தெரு லெபோ பாசார் ஆனது. கயிறு திரித்த ரோப் வாக், அதே பொருளில் ஜாலான் பிந்தால் தாலி ஆனது. இவை நேர் மொழிபெயர்ப்புகள் என்பதால் பழைய பொருள் தங்கியது. பிட் தெரு ஜாலான் மஸ்ஜித் கப்பித்தான் கெலிங் என மாறியபோது அந்தத் தொடர்பு அறுந்தது. பழைய முகவரியோடு வருகிறவருக்குப் புதிய பலகை எந்தத் துப்பும் தரவில்லை.

2008 ஜூலையில் ஜோர்ஜ்டவுன் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது. அவ்வாண்டே மரபுரிமைப் பகுதியில் பன்மொழிப் பலகைகள் எழுந்தன. மேலே மலாய்ப் பெயர் பெரிதாகவும், கீழே அந்தந்தத் தெருவுக்கேற்ப ஆங்கிலம், சீனம், தமிழ், அரபு ஆகியவற்றில் ஒன்று சிறிதாகவும் இடம்பெற்றன. அடுத்து, மாநில அரசு நடத்திய போட்டியில் வென்ற ‘ஸ்கல்ப்சர் அட் வொர்க்’ நிறுவனம் இரும்புக் கம்பிக் கேலிச்சித்திரங்களைத் தெருச் சுவர்களில் பொருத்தியது. ஒவ்வொன்றும் அந்த இடத்தின் கதையை நகைச்சுவையோடு இரண்டொரு வரியில் சொல்கிறது. காலணிக் கலைஞர் ஜிம்மி சூ தொழில் பழகிய இடத்தைக் காட்டும் சித்திரம் மன்த்ரி தெருவில் உள்ளது. வழி தவறி வந்தவரும் தாம் நிற்கும் இடத்தைப் பற்றி ஏதேனும் அறிந்துகொண்டே நகர்கிறார்.

பழைய முகவரியோடு வருகிறவர் வழி தெரியாமல் நிற்கும் சிக்கல் இணையத்திலும் உண்டு. இணையப் பக்கங்களைப் பரிமாறும் நெறிமுறையான எச்.டி.டி.பி.க்கு 1996இல் வெளியான வரையறை, பக்கம் கிடைக்காதபோது 404 என்ற எண்ணையும், நிரந்தரமாக இடம் மாறியிருந்தால் புதிய முகவரியோடு 301 என்ற எண்ணையும் அனுப்பச் சொல்கிறது. பல தளங்கள் முதல் எண்ணை மட்டும் காட்டிவிட்டு நின்றுவிடுகின்றன. நல்ல பிழைப்பக்கம், தேடியது இங்கே இல்லை என்பதை வருகிறவரின் மொழியில் சொல்ல வேண்டும். அது எங்கே போனது, அடுத்து எங்கே போகலாம் என்றும் காட்ட வேண்டும். பெயரையோ முகவரியையோ மாற்றுகிறவரே பழைய பெயரோடு வருகிறவருக்கு வழிகாட்டக் கடமைப்பட்டவர்.