அணங்கும் பொந்தியானாக்கும்

மெய்ப்பாடுகள் எட்டனுள் அச்சத்தையும் ஒன்றாக வைத்த தொல்காப்பியர், அது பிறக்கும் களங்களைக் கூறுங்கால் அணங்கையே முன் நிறுத்தினார். விலங்கும் கள்வரும் இறையும் அதன் பின்னரே. அஞ்சுதலும் ஒரு சுவை என்பது தமிழர்க்குப் புதிதன்று. செயங்கொண்டார் பேய்களைக் கூழ் அடச் செய்து பரணி பாடியது இத்துணிவினால்தான்.

பகாங் மாநிலத்துக் கேமரன் மலையில் 1929இல் போ தேயிலைத் தோட்டம் எழுந்தது. அம்மலைத் தோட்டங்களில் கொழுந்து பறிக்க வந்த தமிழர் முனியையும் மோகினியையும் தம்முடனே கொணர்ந்தனர். மாலையில் மூடுபனி லயத்து வாசல்வரை இறங்கும் ஊரில் பேய்க்கதைக்குப் பஞ்சம் ஏது? அவர்கள் இங்கு வந்து அறிந்த மலாய்ப் பேய் பொந்தியானாக்.

மலாய் மந்திர வழக்குகளைத் தொகுத்து 1900இல் நூலாக்கிய ஸ்கீட் என்பார் ஒரு வேறுபாட்டைக் குறிக்கிறார். மகப்பேற்றின் துயரால் மாண்டு பேயாகும் தாய் லங்சுயிர். இறந்து பிறந்த சேயே பொந்தியானாக். பிற்காலத்தார் இரண்டையும் ஒன்றாக்கித் தாய்க்கே சேயின் பெயரை இட்டனர். லங்சுயிரைப் பிடித்து, நகமும் கூந்தலும் களைந்து, அவற்றைப் பிடரித் துளையில் அடைத்துவிட்டால் அவள் மானிடப் பெண்ணாகி இல்லறமும் நடத்துவாளாம். ஊர்க் கூத்தில் ஆடவிட்டாலோ பழைய உருப்பெற்றுப் பறந்துவிடுவாளாம்.

இதனைப் படிக்கும் தமிழாசிரியர்க்குப் பழையனூர் நீலி நினைவுக்கு வாராதிராள். கணவனால் கொலையுண்டவள், மறுபிறப்பெய்திய அவனைத் தொடர்ந்து, கள்ளிக் கொம்பைக் குழவியாக்கி இடுப்பில் ஏந்தி, வேளாளர் எழுபதின்மர் அவையில் மனைவியென வழக்காடினாள். அங்கும் பேய் கொள்ளும் வடிவம் மனைவியே, தாயே. ஸ்டோக்கர் 1897இல் எழுதிய டிராகுலாவோ தொலைவிலுள்ள கோட்டையில் வாழும் பிரபு. மேனாட்டு அச்சம் கடல் கடந்து வருகிறது. நம் அச்சம் அடுக்களையிலிருந்து எழுகிறது.

இம்மலாய்ப் பேயைத் திரைக்கு ஏற்றியவர் யார் என்பதே ஈண்டுச் சொல்ல வேண்டியது. கேத்தே-கிரிஸ் நிறுவனத்தின் ‘பொந்தியானாக்’ 1957 ஏப்ரலில் சிங்கப்பூரில் வெளியாகிப் பெருவெற்றி கண்டது. அழகற்ற கூனி ஒருத்தி பேரழகியாகி மணம் புரிகிறாள். பாம்பு தீண்டிய கணவனின் நஞ்சை உறிஞ்சும்போது குருதி நாவிற்பட, பேயாகிறாள். கணவனைக் காக்கும் செயலே அவளைக் கெடுக்கிறது! கிறிஸ்டோபர் லீ நடித்த ஆங்கில டிராகுலாப் படம் மறு ஆண்டே வந்ததாதலின், இதனை அதன் நகல் எனல் பொருந்தாது.

படத்தை இயக்கியவர் பி. என். ராவ். சென்னைத் திரையுலகில் ‘ரம்பையின் காதல்’ (1939), ‘மதனகாமராஜன்’ (1941), ‘சாலிவாகனன்’ (1945) ஆகிய தமிழ்ப் படங்களை இயக்கியவர் இவரே. விண்ணுலக ரம்பையை மண்ணில் மணமகளாக்கியவர்க்குப் பேயை மணமகளாக்குதல் அரிதாயிருந்திராது. 1953இல் சிங்கப்பூரில் பி. ராம்லி நடித்த ‘ஹுஜான் பானாஸ்’ எடுத்த பின்னரே கேத்தே-கிரிசுக்கு மாறினார். பேயாக நடித்த மரியா மெனாடோ 1963இல் பகாங் சுல்தானை மணந்தார் என்பது இம்மாநிலத்தார் அறிந்த செய்தி.

1957இலேயே ‘தெண்டாம் பொந்தியானாக்’, 1958இல் ‘சும்பா பொந்தியானாக்’ எனத் தொடர்ச்சிகளையும் ராவே எடுத்தார். தமிழ்த் திரை வரலாறு எழுதுவோர் அவர் சென்னையை விட்டகன்றதும் எழுதுகோலைக் கீழே வைத்துவிடுகின்றனர். மலாய்த் திரை வரலாற்றாரோ அவர் கப்பலிலிருந்து இறங்கிய நாளிலிருந்தே தொடங்குகின்றனர். இரு பாதிகளையும் சேர்த்துப் பார்ப்பதற்கு முதற்படமே இன்று இல்லை. கேத்தே-கிரிஸ் நிறுவனர்களுள் ஒருவரான ஹோ ஆ லோக் அதன் படச்சுருளைச் சுரங்கக் குட்டையொன்றில் எறிந்துவிட்டார் என்பர். இரண்டாம் படமும் கிடைத்திலது. மூன்றாவது மட்டும் எஞ்சியுள்ளது.