கரையில் கிடக்கும் கூலிக் கணக்கு



மரக்காணம் உப்பளங்களை ஒட்டிக் கிடக்கும் கால்வாய், பக்கிங்காம் கால்வாயின் தென்கோடி. வடக்கே ஆந்திரத்தின் பெத்தகஞ்சாம் வரை ஏறத்தாழ 420 கிலோமீட்டர் நீளம். கைவிடப்பட்ட இந்தக் கரையை வெள்ளையர் விட்டுச் சென்ற நினைவுச்சின்னமாகப் பார்ப்பது வழக்கம். நாம் அதை உழைத்தவர்களின் ஆவணமாக வாசிக்க வேண்டும்.

1806இல் சென்னைக்கு வடக்கே பேசில் காக்ரேன் என்ற வணிகரின் முதலீட்டில் தொடங்கிய கால்வாயை 1837இல் அரசு எடுத்துக்கொண்டது. இதன் வழியே சென்னைக்குப் போன முக்கியச் சரக்குகள் உப்பும் விறகும். உப்பு, 1805 முதல் அரசின் ஏகபோகம். விறகின் கதை ரயிலோடு சேர்ந்தது. 1856இல் ராயபுரத்திலிருந்து ரயில் ஓடத் தொடங்கியது. எஞ்சினுக்கு எரிபொருள் வேண்டும் என்றே 1860களில் இக்கடற்கரை மணலில் சவுக்கு பெருமளவில் நடப்பட்டது. இன்று இயற்கையாகத் தோன்றும் சவுக்குத் தோப்பு, ரயிலுக்காக வந்த பயிர். நட்டது, வெட்டியது, சுமந்தது, கரையில் நடந்து கயிறு கட்டிப் படகை இழுத்தது எல்லாமே கூலி உடல்கள்.

1876–78 தாதுவருஷப் பஞ்சத்தில், அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் சுமார் 8 கிலோமீட்டர் துண்டு நிவாரண வேலையாகத் தோண்டப்பட்டது. 1877 தொடக்கத்தில் ரிச்சர்ட் டெம்பிள் நிவாரண வேலைக்கு நிர்ணயித்த கூலி, ஆண் ஒருவருக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு, அதாவது சுமார் 450 கிராம் தானியமும் ஓர் அணாவும். உழைக்கும் உடலுக்கு இது போதாது என்று சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் எதிர்த்தார். 1878இல் கால்வாய்க்கு ஆளுநர் பக்கிங்காம் கோமகனின் பெயர் வைக்கப்பட்டது. மண் வெட்டியவர்களில் ஒருவர் பெயரும் அதில் ஏறவில்லை.

பஞ்சத்தில் முதலில் விழுந்தவர்கள் நிலமற்றவர்கள். சேரி மக்களை நிலமற்றவர்களாக வைத்திருந்தது சாதி. செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர் 1891இல் அளித்த அறிக்கை இதைத்தான் அரசுக்குச் சொன்னது. அதன் தொடர்ச்சியே 1892இன் பஞ்சமி நில ஆணை. கால்வாய்க் கரையையும் பஞ்சமி நிலத்தையும் தனித்தனியே படிக்கக் கூடாது என்பதே எங்கள் வாதம்.

1965, 66ஆம் ஆண்டுப் புயல்களுக்குப் பின் படகுப் போக்குவரத்து ஓய்ந்தது. பிறகு சென்னையில் பறக்கும் ரயிலின் தூண்கள் அதே கால்வாய்க்குள் நடப்பட்டன. 1997இல் திருமயிலை வரை ரயில் ஓடியது. 2000க்குப் பின் நகரின் நீர்க்கரைகளில் குடியிருந்தவர்கள் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பப்பட்டார்கள். அவர்களில் தலித்துகளே அதிகம். தோண்டும்போது கரையில் தேவைப்பட்டவர்கள், பிறகு ஆக்கிரமிப்பாளர்கள் ஆனார்கள்.

2008இல் இக்கால்வாய் தேசிய நீர்வழி 4இன் பகுதியாக அறிவிக்கப்பட்டது. மறுபடி தூர் வாரும் பேச்சு எழும்போதெல்லாம் கரை யாருக்கு என்ற கேள்வியும் எழ வேண்டும். மாணவத் தோழர்கள் மரக்காணத்துக்கு வரவேண்டும். உப்பளத்தில் வாரும் பெண்களிடமும், படகுக் காலத்தை அறிந்த முதியவர்களிடமும் உட்கார்ந்து எழுதிக்கொள்ள வேண்டும். அந்த ஏடுகள் சேர்ந்தால்தான் இக்கால்வாயின் வரலாறு முழுமை பெறும்.